லீமாவ் இனித்த காலை

பழத்தைக் கடித்தவுடன் மனிதன் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறான்?

பள்ளி வேன் ஓட்டும் பத்துமலை ஒரு காலையில், புந்தோங் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது இப்படிக் கேட்டார். பின்னால் பையை மடியில் வைத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்த பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பச்சை விளக்கு வந்தும் இரண்டு விநாடி அப்படியே இருந்தார். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வேன் நகர்ந்தது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று, பள்ளி முடித்து அந்த வேனை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரே சொன்னார், கடையில் இருந்தவர்களும் சொன்னார்கள். இனி இது அவர் கதை.

பத்துமலைக்கு வயது நாற்பத்தொன்பது. மலேசியாவின் ஈப்போ நகரில் வேன் ஓட்டத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. காலை ஏழரைக்குள் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் ஒரு மணி வரை வேலை கிடையாது. அந்த நேரத்தில் மற்ற வேன்காரர்கள் இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிடுவார்கள். பத்துமலை பழம் தேடப் போவார். காம்பார் சந்தையில் ஒரு சீனக் கிழவர் கூடையில் கொண்டுவரும் காட்டுப்பழம், லூமுட் சாலை ஓரத்தில் மலாய்க்காரர்கள் கூடாரம் போட்டு விற்கும் பழம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீட்டு வாசலில் வாளியில் வைத்து, ஆள் இல்லாமல் உண்டியலோடு விற்கும் பழம் என்று எதையும் விடமாட்டார். பெயர் தெரியாத பழம் என்றால் வேனை நிறுத்திவிடுவார்.

வாங்கியதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தினேஸ்வரியின் ஒட்டுக்கடைக்கு வருவார். வேன்காரர்கள் கூடும் இடம் அது. தகரக் கூரை, நான்கு பிளாஸ்டிக் மேசை, எந்நேரமும் கொதிக்கும் தண்ணீர். பத்துமலை அங்கே பழத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதற்கென்றே கோப்பியை மெதுவாகக் குடிப்பார்கள். புலாசான் பழத்தைப் பற்றி ஒருமுறை, "இது யாரு தெரியுமாலா? ரம்புத்தானோட அண்ணன். காலேஜ் முடிச்சிட்டு முடிவெட்டிட்டு வந்திருக்கான்" என்றார். சலாக் பழத்துக்கு, "பாம்புச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆப்பிள் ஒளிஞ்சிருக்கு" என்றார். அதைக் கேட்டபின் அந்தப் பழத்தைத் தின்னாமல் இருக்க முடியாது.

அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. புதுப் பழத்தை யார் கொண்டுவந்தாலும் முதல் துண்டு பத்துமலைக்கு. அவர் மென்று விழுங்கி, ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைப்பார்கள். ஒருமுறை கடைக்கு வந்த போலீஸ்காரர் தெரியாமல் கை நீட்டிவிட்டார். தினேஸ்வரி தட்டை இழுத்துக்கொண்டாள். "டுலு, என்சேக். கொஞ்சம் பொறுங்க சார். அண்ணன் மொதல்ல" என்றாள். அவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

வேறு எங்கேயும் பத்துமலைக்கு அப்படி ஒரு மரியாதை கிடையாது. பெற்றோர்கள் தாமதத்துக்குத் திட்டுவார்கள். பள்ளிக் காவலாளி வாசலை மறிக்காதே என்று விரட்டுவார். அந்த ஒரு துண்டுதான் அவருடையது.

இப்போது அவருடைய ரகசியத்தைச் சொல்லவேண்டும். இரண்டாயிரத்து இருபத்தொன்றில், நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த சமயம், பத்துமலைக்குக் கோவிட் வந்தது. பதினான்கு நாள் அறைக்குள் கிடந்தார். காய்ச்சல் போனது, இருமல் போனது. போன சுவையும் வாசனையும் மட்டும் திரும்பி வரவில்லை. மெதுவாக வரும் என்றார் கிளினிக் டாக்டர். ஒரு வருடம் ஆனது. நான்கு வருடம் ஆனது. வேகாத மாவும் வெந்த கோழியும் வாயில் ஒன்றாகவே இருந்தன.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். கூடவே முதல் துண்டும் வேறு யாருக்கோ போயிருக்கும்.

பழக்கமான பழங்களை நினைவிலிருந்தே சொன்னார். புதுப் பழம் என்றால் விற்பவரிடம் முன்கூட்டியே துருவித் துருவிக் கேட்டுக்கொள்வார். நாருள்ளதா, வழுவழுப்பா, கரகரப்பா என்று பல் சொல்லிவிடும். மிச்சத்தை வாய் இட்டுக்கட்டும். இத்தனைக்கும் அவர் தேடுவதை நிறுத்தவில்லை. ஏதாவது ஒரு பழம், உலகத்தில் ஒரே ஒரு பழம், நாக்கைத் தட்டி எழுப்பும் என்று நம்பினார். ஒவ்வொரு புதுப் பழத்தையும் கடிக்கும்போது நெஞ்சு படபடக்கும். பிறகு ஒன்றும் இருக்காது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கோகிலன் வந்து சேர்ந்தான்.

இருபத்தெட்டு வயது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மாமாவின் வேனை எடுத்து ஓட்ட வந்தவன். அவனுக்கும் பழப் பைத்தியம். கைப்பேசியை ஒரு குச்சியில் மாட்டி, பழத்தைக் கடித்து, அதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போடுவான். பெரிதாகப் பேசமாட்டான். கடிப்பான். கண்ணை மூடுவான். மூக்கு லேசாக விரியும். பிறகு, "வேற லெவல்லா" என்பான். அவ்வளவுதான். அதைப் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

ஒரு காலை கோகிலன் கடைக்கு ஒரு பை நிறைய மஞ்சள் பழம் கொண்டுவந்தான். எலுமிச்சை போல இருந்தது, நுனி மட்டும் கூராக இருந்தது. அபியூ என்று பெயராம். பத்துமலை அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் முதல்நாளே கோகிலனின் படத்தில் பார்த்துவிட்டார்.

அந்தப் படத்தை அவர் ஒன்பது முறை பார்த்திருந்தார். 'வேற லெவல்' என்றால் அது என்ன சுவை? புளிப்பா, இனிப்பா, கசப்பா? ஒரு துப்பும் கிடைக்கவில்லை. பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பார்த்தார். கண் சுருங்கவில்லை, மென்மையாக மூடியது. அப்படியானால் புளிப்பு இல்லை. தாடை மெதுவாக அசைந்தது. அப்படியானால் நார் இல்லை, இனிப்பு, கொழகொழப்பு.

தினேஸ்வரி முதல் துண்டை நீட்டினாள். பத்துமலை மென்றார். பழத்தின் பிசின் உதட்டை ஒட்டியது மட்டும்தான் தெரிந்தது. நிதானமாகத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சீனி போட்டுக் காய்ச்சின பாலு. மேல ஆடை கட்டி ஆறிப்போச்சு. அத கரண்டில அள்ளின மாதிரி."

மற்றவர்கள் பாய்ந்து எடுத்தார்கள். "அதேதான்லா!" என்று கத்தினார் மாயாண்டி. கடையிலேயே மூத்த வேன்காரர் அவர். வாய் சும்மா இருக்காது. "டேய் கோகிலா, பாத்தியா? நீ பழத்த வெச்சி படம் காட்டுற. எங்க ஆளு வாயாலேயே படம் காட்டுறான்."

கோகிலன் சிரித்தான். காது மட்டும் சிவந்தது.

பத்துமலை ஜெயித்துவிட்டார். ஆனாலும் வயிறு எரிந்தது. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவன் தாளைப் பார்த்து எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் நிலை அவருக்கு. அந்தப் பால் சுவை கோகிலன் முகத்தில் இருந்தது. அவன் வாயில் இருந்தது. தனக்கு மிஞ்சியது பிசின்.

அன்றிலிருந்து அவரால் அந்தப் படங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மனைவி கலாதேவி தொலைக்காட்சி பார்க்கும்போது இவர் சத்தமில்லாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடிக்கிறான், கண்ணை மூடுகிறான். கடிக்கிறான், கண்ணை மூடுகிறான். மூடிய கண்ணுக்குள்ளே அவன் எங்கே போகிறான்? தான் போகமுடியாத ஏதோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கதவையும் சாத்திக்கொள்கிறானே. கோகிலனின் இளமை மேலோ, புது வேன் மேலோ, பார்க்கிற ஆயிரம் பேர் மேலோ அவருக்குப் பொறாமை இல்லை. அந்த இமைகள் மேல்தான் பொறாமை.

ஒருநாள் கோகிலனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க சாப்பிட்டதுலேயே ரொம்ப அபூர்வமான பழம் எது?"

பத்துமலை கொஞ்சம் யோசித்தார். "தம்போய்" என்றார். "சுங்காய் பக்கம் நான் பொறந்த தோட்டம். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால ஒரு மரம். பழத்த ரெண்டு உள்ளங்கையில வெச்சி அமுக்கினா பட்டுன்னு ஒடையும். உள்ள மஞ்சளா மூணு சொள. அந்த ருசி கடையில கெடைக்காது. இந்த மாசம் காய்ச்சித் தொங்கும். போனா அள்ளிட்டு வரலாம்."

பழத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. மரத்தைப் பற்றிச் சொன்னது பொய். ரப்பர் எடுக்கும் பால்மரங்களை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது அந்தத் தம்போய் மரத்தையும் தள்ளிவிட்டார்கள். பதினைந்து வருடம் இருக்கும். இயந்திரம் வந்து தள்ளியதைப் பத்துமலை பக்கத்தில் நின்று பார்த்தவர்.

"இந்த ஞாயித்துக்கெழம போறேன்ணே" என்றான் கோகிலன்.

அந்த ஞாயிறு பத்துமலைக்கு நல்ல நாளாக இருந்தது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். செம்பனைக் காட்டில் கொசுக்கடி. அட்டைகூட ஏறியிருக்கும். இதையெல்லாம் நினைத்தபோது கலாதேவி வைத்த மீன் குழம்பு சுவை இல்லாமலேயே நன்றாக இறங்கியது. இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திங்கட்கிழமை கோகிலன் கடைக்கு வந்தான். கையில் ஐஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டி.

"மரம் இல்லண்ணே. வெட்டிட்டாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

"வெட்டிட்டானுங்களா? எப்பலா?" என்றார் பத்துமலை. குரல் நன்றாகத்தான் வந்தது.

"ஆனா சும்மா வரல. கோயில் பக்கத்துல இன்னும் ரெண்டு வீடு இருக்கு. அங்க கருப்பம்மாள்னு ஒரு அக்கா, காலி பெயிண்டு டின்னுல செடி வெச்சிருக்காங்க. அது குடுத்தாங்க." பெட்டியைத் திறந்தான். விரல் நுனி அளவில் சிவப்புப் பழங்கள், கோப்பிப் பழம் மாதிரி. "பேரு சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒண்ணு. மொதல்ல அண்ணனுக்கு. விழுங்கிடாதீங்க, கொட்டைய விட்டுட்டு சதைய நாக்கு பூரா பொரட்டுங்க."

இந்தப் பழத்துக்குப் படம் போடவில்லை. பார்த்து எழுதத் தாள் இல்லை. பத்துமலை வாயில் போட்டுப் புரட்டினார். வழக்கம்போல நெஞ்சு படபடத்தது. வழக்கம்போல ஒன்றும் இல்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லேசா புளிப்பு. அடியில ஒரு இனிப்பு. கூச்சப்படுற பழம்லா இது" என்றார். எந்தப் பழத்துக்கும் பொருந்துகிற பதில்.

"கூச்சப்படுற பழமாம்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் மாயாண்டி. மற்றவர்களும் ஆளுக்கொன்று வாயில் போட்டுப் புரட்டினார்கள்.

அதற்குள் கோகிலன் ஒரு தட்டை மேசையில் வைத்தான். சின்ன லீமாவ், இரண்டாக வெட்டியது. மீ கோரேங் நூடுல்ஸில் பிழிந்துகொள்வோமே, அந்தப் பச்சை எலுமிச்சைதான். "இப்ப இத எல்லாரும் ஒண்ணாக் கடிக்கணும். நான் மூணு சொன்னதும். சத்து, டுவா…"

லீமாவ் எப்படி இருக்கும் என்று பத்துமலைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நாற்பத்தொன்பது வருட அனுபவம். கடித்தார். ஒரு கண்ணை இறுக்கினார். தோளைக் குலுக்கினார். பல்லைக் கடித்துக் காற்றை உள்ளே இழுத்தார். "யப்பா! என்னா புளிப்புலா!"

கண்ணைத் திறந்தார்.

மேசையைச் சுற்றி எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி, தினேஸ்வரி, கோகிலன், ஓரத்து மேசையில் இருந்த இரண்டு வேன்காரர்கள். ஒரு முகம்கூடச் சுருங்கவில்லை.

"ஆத்தாடி, இனிக்குதுலா!" என்றார் மாயாண்டி. "லீமாவ் ஆரஞ்சு மாதிரி இனிக்குது!"

"சீனிப்பாகு" என்றாள் தினேஸ்வரி. இன்னொரு துண்டை எடுத்தாள்.

"அந்த செவப்புப் பழத்தோட வேல அது" என்றான் கோகிலன். "அத நாக்குல தடவினா அப்புறம் எந்தப் புளிப்பும் இனிக்கும். கருப்பம்மா அக்கா வீட்டுக்காரரு சீனி போடாம லீமாவ் தண்ணி குடிக்கிறது இத வெச்சித்தான்." சொல்லிவிட்டுப் பத்துமலை பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்களுக்குப் புளிக்குதா?"

அந்தச் சிவப்புப் பழம் தனக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பத்துமலைக்கு அது தோன்றவில்லை. "இப்ப இனிக்குது" என்றார் அவசரமாக. துண்டை மறுபடி கடிக்கவும் இல்லை.

மாயாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. "பத்து, போன தீபாவளிக்கு முன்னால தினேஸ்வரி கோப்பில சீனின்னு நெனச்சி உப்பப் போட்டுட்டா, ஞாபகம் இருக்கா? நாங்கல்லாம் துப்பினோம். நீ மட்டும் அடிவரைக்கும் குடிச்ச. பாவம், அவ மனசு நோகக் கூடாதுன்னு சொன்ன."

 தினேஸ்வரி கொதிக்கும் தண்ணீருக்குக் கீழே அடுப்பைக் குறைத்தாள்.

"அண்ணே," என்றாள் தினேஸ்வரி மெதுவாக, "நாக்குல ஏதும்…"

பத்துமலை எழுந்தார். கோப்பிக்குப் பணத்தை மேசையில் வைத்தார். வேனில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நான்கு நாள் அவர் கடைப் பக்கம் வரவில்லை. ஊர் விளையாட்டரங்கத்துக்கு அருகில் ஒரு மழைமரத்தின் கீழ் வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் கலாதேவியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "உப்பு சரியா இருக்கான்னு நான் உங்கள கேட்டு எத்தன வருஷம் ஆச்சு?" என்றாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் கேட்டவள்தான். எப்போது நிறுத்தினாள்?

"எனக்கு மூணாவது மாசமே தெரியும். நீங்க சொல்லல, நானும் கேக்கல. ஆனா கொழம்ப வாயில வெச்சி, ஒண்ணும் தெரியாம அருமைன்னு சொன்னீங்க பாருங்க, அதான் எனக்குப் பொறுக்கல." சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

வெள்ளிக்கிழமை யாரோ வேன் கண்ணாடியைத் தட்டினார்கள். கோகிலன். இந்தமுறை கைப்பேசி இல்லை, குச்சியும் இல்லை.

"உள்ள வரலாமாண்ணே?"

பத்துமலை கதவைத் திறந்துவிட்டார். கோகிலன் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தான். 

"மரம் வெட்டினது எனக்குத் தெரியும்லா" என்றார் பத்துமலை முதலில். "தெரிஞ்சிதான் அனுப்பிவெச்சேன்."

"அது எனக்கும் தெரியும். வெட்டின அன்னிக்கு நீங்க வந்து நின்னீங்களாமே, கருப்பம்மா அக்கா சொன்னாங்க. அதுல கோவம் இன்னும் ஏறிப்போச்சு. உங்களையும் எல்லார் முன்னாடியும் கோமாளியாக்கணும்னுதான் அந்தப் பழத்த கொண்டாந்தேன். பேரு தெரியாம முழிப்பீங்க, சிரிப்போம், அவ்வளவுதான்னு நெனச்சேன். நாக்கு விஷயம் சத்தியமா தெரியாதுண்ணே."

"அதுக்கு முன்னாடியே என்மேல உனக்கு என்னலா கோவம்?"

"மொத துண்டு." கோகிலன் நகத்தைக் கடித்தான். "நான் வாங்கிட்டு வந்த பழம். நான் வெயில்ல அலைஞ்சது. ஆனா நீங்க சொல்ற வரைக்கும் அது பழமே இல்ல. எனக்கு எரியாதா? நான் ஒரு பழத்தப் பத்தி வேற லெவல்னு சொல்லி முடிச்சிர்றேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வராது. வீடியோவுக்குக் கீழ எல்லாரும் கேக்குறாங்க, எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

பத்துமலை அவனைத் திரும்பிப் பார்த்தார். நான்கு மாதமாகத் தன் வயிற்றில் எரிந்த அதே நெருப்பு, அடுத்த இருக்கையில், சின்ன வயதுக்காரன் ஒருவன் வயிற்றிலும் எரிந்திருக்கிறது. அதற்காக அவருக்கு அவன்மேல் பாசம் பொங்கிவிடவில்லை. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்க வாய் வந்தது.

"நீ கடிச்சதும் எதுக்குலா கண்ண மூடுற?"

"கண்ணா?" கோகிலன் விழித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "அது… வெக்கம்ணே. கேமராவப் பாத்தா சிரிப்பு வந்துரும். அதான் மூடிக்குவேன்."

பத்துமலை ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று கோகிலன் பயந்துவிட்டான். சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் சொர்க்கவாசல் என்று பார்த்தது, ஒருவனுடைய வெட்கம்!

சிரித்து முடித்ததும் நிமிர்ந்தார். "சரி, அந்த லீமாவ் எப்படி இருந்துச்சு?"

"இனிப்பா இருந்துச்சு."

"எந்த இனிப்புலா? சீனியா, கரும்புத் தண்ணியா, பழுத்த கொய்யாவா?"

"கரும்புத் தண்ணி… இல்ல. அதவிட லேசு."

"நாக்கு நுனியிலயா, தொண்டைகிட்டயா?"

கோகிலன் நினைவுபடுத்திப் பார்த்தான். இந்தமுறை கேமரா இல்லை. ஆனாலும் கண் தானாக மூடியது. பத்துமலை அதைப் பார்த்தார். பொறாமை பழையபடி சுரீர் என்றது.

"ரெண்டு ஓரத்துலண்ணே. எச்சி ஊறுற எடத்துல. புளிப்பு வரப்போவுதுன்னு வாய் பயந்துக்கிட்டு இருக்கு. ஆனா வரல."

 "கடன்காரன் வாரான்னு கதவச் சாத்திட்டு உள்ள ஒக்காந்திருந்தா, வந்தவன் பலகாரம் குடுத்துட்டுப் போறான்" என்றார் பத்துமலை. "அப்படியா?"

கோகிலன் கண்ணைத் திறந்தான். "அதேதான்ணே!"

திங்கட்கிழமை பத்துமலை கடைக்கு வந்தார். மாயாண்டி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததைக் கடை அன்றுதான் பார்த்தது. மேசையில் கோகிலன் கொண்டுவந்த ரம்பைப் பழக் குலை இருந்தது. தினேஸ்வரி ஒரு பழத்தை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

பத்துமலை தட்டை வாங்கினார். ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு கோகிலன் பக்கம் தள்ளினார். அந்தத் தட்டு வேன் சக்கரத்தைவிடக் கனமாக இருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. முதல் துண்டு கோகிலனுக்கு. எதிரில் பத்துமலை உட்கார்ந்து கேள்வி கேட்பார். அவன் தடுமாறுவான், இவர் விடமாட்டார், கடைசியில் ஒரு வார்த்தை பிறக்கும். அதன் பிறகே மற்றவர்கள் கை நீட்டுவார்கள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டேன். "எங்கலா போவும்? அவன் மெல்றப்ப எல்லாம் எரியுது. ஆனா இப்ப எரியுதுன்னு அவன்கிட்டேயே சொல்லிடறேன்" என்றார். வீட்டில் கலாதேவி மறுபடியும் கேட்கத் தொடங்கிவிட்டாளாம், "உப்பு சரியா இருக்கா?" என்று. "தெரியல, நீயே பாரு" என்கிறாராம்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது எழுதச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, லீமாவ் ருசியைத் தப்பாக எழுதிவிடக் கூடாது. அதனால்தான் கோகிலன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும், கடையிலும், வேலை இடத்திலும், சாப்பாடு எப்படி என்று கேட்டால் அவசரமாக அருமை என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பவர் யாராவது இருக்கலாம். அவரிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். பத்துமலையின் கதையை மட்டும் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.